காலுக்குக் கீழே

அவளிடம் வழி கேட்கக் கூடாது என்பது எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். போஸ்ட் ஆபீஸ் எங்கே என்று கேட்டால் ஒரு காலைத் தரையில் தட்டிப் பார்ப்பாள். "நீ நிக்கிற எடத்துக்குக் கீழ பெரிய டனல் ஒண்ணு போவுது. அதும் மேலயே நடந்துகினு போ. அது திரும்புற எடத்துல நீயும் திரும்பு" என்பாள். டனல் எங்கே திரும்புகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்கடையில் போய் மறுபடி கேட்டுக்கொள்வார்.

எனக்கு அவளைக் கண்டால் ஒரே குழப்பம். எனக்கு எதைக் கண்டாலும் குழப்பம்தான் என்பது வேறு விஷயம். வலது கை எது என்று கேட்டால் சாப்பிடுகிற மாதிரி நினைத்துப் பார்த்துத்தான் இன்றைக்கும் சொல்வேன். ஹோட்டலில் சர்வர் இட்லியா தோசையா என்றால் பக்கத்து மேஜையைப் பார்த்து, அதையே கொண்டுவரச் சொல்வேன். இப்படிப்பட்ட ஒருவன், சந்தேகம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தியோடு ஒன்றரை வருஷம் சுற்றினால் என்ன ஆகும்? அவள் சொல்வது சரியா தப்பா என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன். அப்படித்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் வீடு நந்திதுர்க் பக்கம். எங்கள் வீடு மைசூர் மைன்ஸில். இரண்டும் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஒரே மாதிரி லைன் வீடுகள்தான். அவளுடைய நைனா, தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் சர்வே செக்‌ஷனில் சங்கிலி பிடித்து அளக்கிற வேலையில் இருந்தவர். ஒரு நாள், வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பழைய வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் ஏதோ ஓர் அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி ஆகிவிட்டார். வரைபடம் மட்டும் வீட்டு முன்னறையில், புத்தர் படத்துக்குப் பக்கத்தில், சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒட்டப்பட்டிருந்தது.

பூமியைக் குறுக்கே வெட்டி உள்ளே காட்டுகிற படம் அது. மேலே ஒரே ஒரு கோடுதான் தரை. அதன் மேல் தீப்பெட்டி அளவில் சில கட்டடங்கள். அதற்குக் கீழே கோடு கோடாக, அடுக்கடுக்காக, சுவரின் அடிவரைக்கும் சுரங்கம். ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் ஆழம் எத்தனை என்று எண். அவளுக்கு நாலு வயது இருக்கும்போது நைனா ஷிப்ட் முடிந்து வந்ததும், அன்றைக்கு எந்த எண்ணுக்குப் போய் வந்தார் என்று விரலை வைத்துக் காட்டுவாராம். அவள் எண்ணப் பழகியதே அந்தச் சுவரில்தான். கீழே உட்கார்ந்தால் பெரிய எண்கள் எட்டும். சின்ன எண்களுக்கு நாற்காலி போட்டு ஏற வேண்டும். ஊரின் தெருக்கள் அவளுக்குப் பிடிபடாமல் போனதற்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

நாங்கள் பி.யூ. முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, படிக்கும்போது பெங்களூரிலிருந்து ஓர் அமைப்பினர் கல்லூரிக்கு வந்தார்கள். இளைஞர்களுக்கு வெளியுலகச் சவால், ஆளுமை வளர்ச்சி என்று ஏதோ திட்டம். ஒரு சேவை செய்ய வேண்டும், ஒரு விளையாட்டு, ஒரு கைத்திறன், கடைசியில் மூன்று நாள் மலைப்பயணம். முடித்தால் முதலில் வெண்கலச் சான்றிதழ், பிறகு வெள்ளி. விளக்க வந்த மேடம் நல்ல மாதிரி. சுகமான வட்டத்தை விட்டு நாங்கள் வெளியே வர வேண்டும் என்று கன்னடமும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். "கூரையே இல்லாமல், வெட்டவெளியில் ஒரு ராத்திரியாவது தூங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். மொத்த வகுப்பும் கை தூக்கியது. வெயில் காலத்தில் லைன் வீட்டுக்குள் யார் தூங்குவார்கள்? "குழாய் இல்லாத இடத்தில் தண்ணீர் தூக்கியிருக்கிறீர்களா?" மறுபடி எல்லாக் கைகளும். மேடம் எங்களையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். 'இந்த வாரம் உன்னைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாய்?' என்று ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டிருந்தது. நான் வாராவாரம் 'எனக்குக் குழப்பம் அதிகம்' என்று எழுதினேன். மேடம் அதற்கு டிக் போட்டு, நேர்மையான பதில் என்று எழுதிக் கொடுத்தார். அவளோ, அந்த வாரம் நாங்கள் வேலை செய்த இடத்துக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று எழுதி வைப்பாள். 'இதில் உன்னைப் பற்றி எங்கே?' என்று மேடம் சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

"அதும் மேல நான்தானே மேடம் நின்னுகினு இருந்தேன்?" என்றாள் அவள். மேடம் அதற்கும் ஒரு டிக் போட்டுவிட்டார்.

எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தோம். அந்த மரக்கன்று விவகாரம் வரைக்கும்தான். சேவைக்காக மைதானத்தின் ஓரத்தில் கன்று நடப் போனோம். எங்கள் குழுவில் நாலு பேர். அவள், நான், ஜான்சன், பிரேமா. ஜான்சன் கடப்பாரையை ஓங்கியபோது அவள் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இங்க தோண்டாத. கீழ காலி."

"உனக்கு இன்னா தெரியும்? எறங்கிப் பாத்தியா?" என்றான் ஜான்சன்.

"கால வெச்சாலே தெரியுது. அந்தாண்ட போய்த் தோண்டு."

திட்டிக்கொண்டே பத்தடி தள்ளித் தோண்டினோம். அந்த ஐப்பசி மழையில் அவள் நின்ற இடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மழைக்கு மண் இறங்குவது எங்கள் ஊரில் புதிதில்லை. அவள் நிஜமாகவே தெரிந்து சொன்னாளா, குருட்டாம்போக்கில் சொன்னது பலித்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஜான்சன் அதற்குப் பிறகு அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசுவதில்லை. நானும்தான்.

வெள்ளிச் சான்றிதழுக்கான பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் மேடம் ஒரு செய்தி கொண்டுவந்தார். எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரை அவர்கள் முகாமில் உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. கடைசிப் பயணத்தில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வார்கள். எல்லோரும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். எல்லோரும் கொடுத்தார்களே என்றுதான் நானும் கொடுத்தேன்.

அவள் அப்படிக் கொடுக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்குப் பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் வேலை. விடிகாலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். பரீட்சை முடிந்ததும் அதே கம்பெனியில் இவளையும் சேர்க்க சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தார்.

"எங்கம்மா நின்னுகினே போறாங்க, நின்னுகினே வேல பாக்குறாங்க, நின்னுகினே வராங்க. இத்தினி வருசத்துல ஜன்னல் சீட்டு கெடச்சதே இல்லயாம்" என்றாள் என்னிடம். "எனக்கு அந்த ட்ரெயின் வாணாண்டா. இந்த வேல கெடச்சா பொழச்சேன்."

"உனக்குத்தான் கெடைக்கும்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அவளைப் போலத் தைரியமாக முன்னால் நடக்க எங்களில் வேறு யார் இருந்தார்கள்?

பயணம், கோலாருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாறை மலைகளில். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு வரைபடம், அதுவும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். ஏரியின் நீலமும் காட்டின் பச்சையும் ஒரே கறுப்பாகிவிட்டிருந்தன. அவள்தான் தலைவி. வரைபடம் வைத்திருப்பவன் நான்.

முதல் நாள் கிளம்பி ஒரு மைல் போயிருப்போம். அவள் நின்றாள். காலைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"இங்க கீழ இன்னா கீது?" என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "வெறும் கல்லு. எங்க தட்டினாலும் கல்லு."

அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. யாரும் தோண்டாத தரையில் அவள் நடப்பது அதுதான் முதல் தடவை போலிருந்தது. அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பாவமாக இருந்தது. சொல்லவே கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவளுக்கும் குழப்பம் வரும் என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

மூன்றாம் நாள் மத்தியானம், நாலு மணிக்குள் ஏரிக்கரையில் இருந்த ஒரு கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மதிப்பிடுகிற சார் காத்திருப்பார். ஒரு பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் வண்டித்தடம். நேரே போனால் புதர் மண்டிய ஏற்றம். அவள் என் கையிலிருந்து வரைபடத்தை வாங்கிக் கல்லின் மேல் விரித்தாள்.

"இங்க பாரு. வட்டம் வட்டமா போட்டுக் கீது. எண்ணூத்தி அம்பது, தொள்ளாயிரம், தொள்ளாயிரத்தி அம்பது. உள்ள போவப் போவ ஆழம். நடுவுல ஆயிரம். இதான் ஏரி. நேரா போலாம்."

"ஏறுற மாரி கீதே?" என்றாள் பிரேமா.

"கரைய ஏறினாதானே ஏரியில எறங்க முடியும்?"

முகத்தில் பழைய தெளிவு வந்துவிட்டிருந்தது. மூன்று நாளாகக் காணாமல் போன அவளே திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஜான்சன் பையைத் தூக்கிக்கொண்டான்.

எங்கள் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு மஞ்சள் பலகை உண்டு. ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருக்கும். எண்ணூற்றுச் சொச்சம். சின்ன வயதில் அப்பாவை ஏற்றிவிடப் போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன். ரயில் பெங்களூர் போகும் வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் அந்த எண்ணைப் பார்ப்பேன். அதனால் வரைபடத்தில் அந்த ஆயிரத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ உறுத்தியது. "இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா?" என்று திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏற ஆரம்பித்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. "ஏரிக்குத்தானே போறோம், தண்ணிய குடிங்க. வெயிட்டாவது கொறையும்" என்றாள் அவள். ஜான்சன் தலையிலேயே ஊற்றிக்கொண்டான். பிரேமா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். நானும் குடித்தேன். பாதியில் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி ஏறினாள். அதற்குப் பிறகு உச்சிவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நடுநடுவே நின்று திரும்பிப் பார்த்தாள். நாங்கள் வருகிறோமா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

உச்சியில் ஒரு பாறை. பாறையில், உயரம் அளந்தவர்கள் வெள்ளைச் சுண்ணாம்பில் போட்ட ஒரு முக்கோணம். காற்று அடித்தது. ஏரி எங்களுக்குப் பின்னால், வலது பக்கம், வெகு தூரத்துக்குக் கீழே மின்னியது. வண்டித்தடம் அதன் கரைக்கு நேராகப் போய் முடிவது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. பிரேமா முதலில் சிரித்தாள், பிறகு தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். நான் பையிலிருந்து அரை பாட்டிலை எடுத்தேன். மூடியில் ஊற்றி ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தேன். "மச்சா, நீ சாமிடா" என்றான் ஜான்சன். அவளிடம் மூடியை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி ஆகிவிட்டது. சார் கோபப்படவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"மலை மேல் ஏறச் சொன்னது யார்?"

"நான்தான் சார். நம்பர தலகீழா படிச்சிட்டேன்" என்றாள், அவர் கேட்டு முடிப்பதற்குள்.

"வரைபடம் உன்னிடம்தானே இருந்தது? உனக்கு என்ன தோன்றியது?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குக் குழப்பமா இருந்திச்சி சார்."

அவர் தலையசைத்தார். அதற்குள் ஜான்சன் முந்திக்கொண்டு தண்ணீர் விஷயத்தைச் சொன்னான். எல்லோரும் காலி செய்துவிட்ட நேரத்தில் இவன் ஒருவன்தான் மிச்சம் வைத்திருந்தான், இவன் இல்லாவிட்டால் பிரேமா மயங்கி விழுந்திருப்பாள் என்றான். சார் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு நிறைய எழுதினார். நான் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, நாலு பேருக்கும் சான்றிதழ் வந்தது. வேலைக்கான கடிதம் எனக்கு வந்தது. 'நெருக்கடியை முன்கூட்டியே உணர்கிறவர்' என்று அதில் இருந்தது. அம்மா அதை ஃபிரேம் போட்டு மாட்டினார். எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வேறு யாரையோ பற்றி எழுதியது போலிருக்கும். அவள் வீட்டுக்குச் சொல்லப் போனபோது அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வா. அங்க கீழ இன்னா கீதுன்னு பாத்து சொல்லு" என்றாள். சிரித்த முகம்தான். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் கையில் வெங்காயமும் இருந்தது. நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? அடுத்த மாதமே அவள் அம்மாவோடு ரயில் ஏறிவிட்டாள் என்று பிரேமா சொன்னாள்.

அந்த முகாமில்தான் இன்னும் இருக்கிறேன். உதவி போய் இப்போது முழுப் பயிற்சியாளர். வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. எண் கூடக் கூட மேடு என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது சில நாள் நாக்கு ஒரு நொடி நிற்கும். அந்த வேலையை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேனா, அதுவாக வந்து என் மடியில் விழுந்ததா என்று யோசிப்பேன். எனக்குத்தான் குழப்பமாக இருந்ததே, நான் என்ன செய்ய முடியும் என்று முடிப்பேன். பல வருஷம் இப்படி முடித்தாகிவிட்டது.

போன மாதம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு விடிகாலை ரயிலில் திரும்பினேன். கூட்டத்தில் இடித்துக்கொண்டு உள்ளே போனால், ஜன்னல் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் கம்பெனி அட்டை. இப்போது சூப்பர்வைசர் என்றாள். அம்மா வேலையை விட்டுவிட்டாராம். நைனா ஊரிலேயே இருக்கிறாராம். வரைபடத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். நான் நின்றபடியே பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்துவிட்டு மூடினேன்.

"இன்னும் பாதியிலயேதான் மூடி வெக்கிறியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுதான் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு மலையில மூடி வெச்சியே. ஏரிக்குப் போறோம்னு நம்புறவன் தண்ணிய எதுக்குடா மிச்சம் புடிக்கிறான்?"

"எனக்கு அப்ப ஒரே கொழப்பமா..."

"உனக்குக் கொழப்பம்தான். உன் கைக்கு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. தரையைத் தட்டிப் பார்த்துச் சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

"அப்ப உனக்கு அங்கயே தெரியுமா?"

"நீ மூடினப்பதான் தெரிஞ்சிச்சி. நம்பரயெல்லாம் திருப்பிப் போட்டுப் பாத்தேன். சரியா வந்திச்சி."

"அப்பவே திரும்பியிருக்கலாமே. டைம் இருந்திச்சே. வேல உனக்குக் கெடச்சிருக்கும்."

"நீ சொல்லுவன்னு பாத்துகினே ஏறினேன்" என்றாள். "உச்சி வரிக்கும்."

ரயில் வேகம் குறைந்தது. அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உக்காரு, வேற எவனாவது புடிச்சிக்கப் போறான்" என்று என் தோளைப் பிடித்து அந்த ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போனாள்.

ஜன்னலுக்கு நேராக அந்த ஸ்டேஷனின் மஞ்சள் பலகை நின்றது. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருந்தது. படித்தேன். அதைப் படிப்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை.